இருநூற்று எண்பத்தேழாவது பிலிம்

ஆகஸ்ட் 5, திங்கள்

என் மேசையை நகர்த்திவிட்டார்கள். ஒன்பது வருடமாக வடக்குச் சன்னலை ஒட்டிக் கிடந்த மேசை. காலையில் போய்ப் பார்த்தால் அது ஃப்ரீசருக்குப் பக்கத்தில் சுவரோரமாகக் கிடக்கிறது. சன்னல் வெளிச்சத்தில் புது மேசை போட்டிருக்கிறது. அது வசந்தாமணிக்காம். சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகிறது. ஐம்பத்திரண்டு வயது. இதற்கு முன்னால் திருப்பூரில் ஒரு கம்பெனியில் சட்டைக்கும் பனியனுக்கும் பேட்டர்ன் வெட்டிக்கொண்டிருந்தவள்.

முதலாளி பிரபாகரிடம் கேட்டேன். அந்த அம்மாவுக்கு வெட்டுவதற்கு வெளிச்சம் வேண்டும் என்றார். எனக்கும் போன வருடம்தான் கண்ணில் புரை எடுத்தது. யாரும் மேசையை எங்கே போடட்டும் என்று கேட்கவில்லை.

ஒரு லாரி கம்பெனி கொடுத்த டைரி ஜனவரியிலிருந்து சும்மா கிடந்தது. இன்று எடுத்துவிட்டேன். நாளைக்கு ஏதாவது பேச்சு வந்தால் தேதியோடு சொல்ல வேண்டும்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

யார் படித்தாலும் புரிய வேண்டும் என்பதற்காக எழுதி வைக்கிறேன். நாங்கள் செய்வது பந்தய சைக்கிளுக்கு கார்பன் பிரேம். ரெசின் என்ற பசை ஊறிய கார்பன் துணி சுருளாக வரும். அதை ஃப்ரீசரில் வைத்திருந்து, வேண்டியபோது எடுத்து, குளிர் விட்ட பிறகு துண்டு துண்டாக வெட்டி, பிரேம் வடிவத்தில் இருக்கும் ரப்பர் காற்றுப்பையின் மேல் அடுக்கடுக்காக ஒட்ட வேண்டும். பிறகு இரும்பு மோல்டுக்குள் வைத்து மூடி, சூடேற்றிக்கொண்டே பைக்குள் காற்றை அடைப்போம். பை உப்பி அடுக்குகளை மோல்டின் சுவரோடு வைத்து நெருக்கும். ஆறிய பிறகு திறந்தால் பிரேம். ஒரு கிலோகூட இருக்காது, ஆளைத் தாங்கும்.

இந்தக் கணக்கை எனக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. ஒன்பதாவதோடு பள்ளியை விட்டவன். ஃபைபர் கிளாஸில் தண்ணீர்த் தொட்டி செய்தேன், பிறகு கார் பம்பர். கார்பன் வந்தபோது ஆங்கிலத்தில் வந்த காகிதங்களை அகராதியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தேன். எந்த இடத்தில் துணியின் இழை நேராக ஓட வேண்டும், எந்த இடத்தில் சாய்வாக என்று நான் போட்ட வரைபடத்தில்தான் ஒன்பது வருடமாக நாற்பது பிரேம் வந்திருக்கிறது.

ஒட்டும் அறையின் வாசலில் இருக்கும் விதிகளும் நான் எழுதியவைதான்; கீழே நாச்சிமுத்து என்று என் பெயர் இருக்கும். எண்ணெய், சாக்குக்கட்டி, நோட்டு, காகிதம், தின்பண்டம் எதுவும் உள்ளே வரக்கூடாது. தூசு ஒரு துளி நடுவில் உட்கார்ந்தால் அந்த இடம் ஒட்டாது. வசந்தாமணி சேர்ந்த அன்று கழுத்தில் டேப்பும் கையில் துணியில் கோடு போடும் சாக்குக்கட்டி டப்பாவுமாக வந்தாள். வெளியே வைத்துவிட்டு வா அம்மணி என்றேன். முகம் சுளிக்கவில்லை. வெளிப்பக்கம் சன்னல் திண்டில் வைத்துவிட்டு வந்தாள். டப்பா இன்னும் அங்கேயே இருக்கிறது. வீட்டுக்கு எடுத்துப் போகிறதும் இல்லை. எதற்கு என்று தெரியவில்லை. என்னைக் குத்திக் காட்டவாக இருக்கும்.

பெரிய விதி பிலிம் விதி. வெட்டிய ஒவ்வொரு துண்டின் மேலும் மெல்லிய பிலிம் ஒன்று ஒட்டியிருக்கும், பால் நிறத்தில். அதை உரித்துவிட்டுத்தான் அடுத்த துண்டை ஒட்ட வேண்டும். உரித்ததை எறியக்கூடாது. கண்ணாடிப் பலகையில் ஒட்டி வைத்து, மோல்டு மூடுவதற்கு முன் இன்னொருவர் எண்ணிப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். துண்டும் பிலிமும் ஒரே எண்ணிக்கை வராவிட்டால் பிரேமைக் கிழித்துப்போட வேண்டியதுதான். ஆறு வருடம் முன்பு யாரோ ஒரு பிலிமை உள்ளேயே விட்டுவிட்டார்கள். வெளியில் ஒன்றும் தெரியவில்லை. சோதனையில் பிரேம் வாழைமட்டை மாதிரி உரிந்து வந்தது. அதற்குப் பிறகு போட்ட விதி.

ஆகஸ்ட் 9, வெள்ளி

இரண்டு பெடலையும் இணைக்கும் தண்டு ஓடுகிற மூட்டுதான் பிரேமிலேயே கஷ்டமான இடம். நான்கு குழாய்கள் வந்து கூடும். தட்டைத் துணியை அந்த வளைவில் ஒட்டினால் சுருக்கம் விழும்; சுருக்கம் விழுந்த இடம் பிறகு உடையும். அதற்காக நான் சின்னச் சின்னத் துண்டுகளாக மேலேற்றி ஒட்டுவேன். முழுப் பிரேமுக்கு 341 துண்டு.

இன்று வசந்தாமணி பிரபாகருக்கு ஒரு பிரவுன் தாள் பேட்டர்ன் காட்டினாள். சட்டையின் கைக்குழியை வெட்டுவது மாதிரி துணியின் ஓரத்தில் கத்தரித்துவிட்டு வளைக்கிறாள். சுருக்கம் இல்லை. 287 துண்டில் முடிந்துவிடுமாம்.

இழையை வெட்டினால் பலம் போய்விடும் என்றேன். ஒரு அடுக்கில் வெட்டு வந்த இடத்துக்கு மேலே அடுத்த அடுக்கில் வெட்டு வராமல் தள்ளி வைத்திருக்கிறேன் என்றாள். தையலுக்கு மேல் தையல் வந்தால் சட்டை கிழியும் இல்லைங்களா என்று வேறு சொன்னாள். பிரபாகர் சிரித்தார். சட்டை. நான் ஒன்பது வருடம் படித்ததைச் சட்டை என்கிறாள்.

ஆகஸ்ட் 12, திங்கள்

அவள் செய்கிற தவறுகளை டைரியின் கடைசியில் இருக்கும் குறிப்புப் பக்கங்களில் வரிசையாக எழுத ஆரம்பித்திருக்கிறேன். வெளியே வந்து எழுதினால் மறந்துபோகிறது. அதனால் டைரியை உள்ளேயே கொண்டுபோகிறேன். நோட்டு கூடாது என்ற விதி தெரியாதவர்களுக்குப் போட்டது. எனக்கு எங்கே வைக்கலாம், எங்கே கூடாது என்று தெரியும்.

முதல் நாளிலேயே ஆறு தவறு. கையுறையை மாற்றாமல் கதவைத் தொட்டது. தட்டையான ஸ்பேட்டுலாவுக்குப் பதில் கட்டைவிரலால் துணியை அழுத்தியது. வேலை நேரத்தில் முணுமுணுவென்று பாடுவது.

ஆகஸ்ட் 14, புதன்

மாதாந்திர மின்தடை. ஃப்ரீசருக்கு ஜெனரேட்டர் போட்டுக் காவல் இருந்தேன். அவள் விடுப்பு.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

வீட்டில் என் மனைவி தெய்வானைக்கு முழங்கால் வீக்கம். டாக்டரிடம் கூட்டிப்போனேன். ஆட்டோவில் வரும்போது சொல்கிறாள்: “சாமி பேரைச் சொல்றதைவிட அந்த அம்மா பேரைத்தான் நீங்க ஜாஸ்தி சொல்றீங்க.” வேலை விஷயம் என்றேன். அவளுக்கு என்ன தெரியும்.

ஆகஸ்ட் 22, வியாழன்

நான்கு நாளாகச் சோதனை. என் வரைபடத்தில் ஒரு பிரேம், அவளுடைய பேட்டர்னில் ஒரு பிரேம். பக்கத்தில் பக்கத்தில் மாட்டினோம்; பட்டறை திறந்திருக்கும் நேரம் முழுக்க இயந்திரம் பெடலை நொடிக்கு ஒரு தடவை மிதிக்கும். ஒரு லட்சம் மிதி தாங்க வேண்டும். டக் டக் என்ற சத்தம் வீட்டுக்கு வந்த பிறகும் காதில் கேட்கிறது.

மத்தியானம் லட்சம் முடிந்தது. இரண்டும் தாங்கிவிட்டன. என்னுடையதும் தாங்கியது. இதை இங்கே எழுதி வைக்கிறேன், ஏனென்றால் அங்கே யாரும் சொல்லவில்லை. அவளுடையது 64 கிராம் குறைவு, அதைத்தான் எல்லோரும் பேசினார்கள். உப்புத்தாள் தேய்க்கிற ஆள்கள் டீ வாங்கி வந்து அவளுக்கு முதல் கப்பைக் கொடுத்தார்கள்.

இனிமேல் அவள் பேட்டர்ன்தான் என்று பிரபாகர் சொல்லிவிட்டார். முதல் பிரேம் மிர்துளாவுக்கு. மாநிலப் போட்டியில் மலை ஏற்றத்தில் ஜெயித்த பெண். அவளுக்குப் பிரேம் செய்கிறவர்கள் பெயர் வெளியே தெரியும். ஒட்டுவது வசந்தாமணி. எண்ணிக் கையெழுத்துப் போடுவது நான்.

எண்ணுகிறவன்.

ஆகஸ்ட் 23, வெள்ளி

மிர்துளா அளவு கொடுக்க வந்தாள். ஒல்லிப் பெண், முழங்கையில் பழைய தழும்பு. வசந்தாமணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். என்னைப் பார்த்து, அங்கிள் நீங்க இங்க என்ன பண்றீங்க என்று கேட்டாள். மரியாதையாகத்தான் கேட்டாள். ஃப்ரீசர் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

பிரேம் எண் 43. மூன்றரை மணிக்கு ஒட்டி முடித்தாள். குறிப்புப் பக்கத்தில் இருபத்தொன்றாம் தவறு வரை வந்திருக்கிறது. பிலிம் எண்ணினேன். 287. சரி. மோல்டு மூடியாகிவிட்டது.

தெய்வானைக்குத் தைலம் வாங்க மறந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 28, புதன்

மோல்டு திறந்தோம். நல்லது என்றால் நல்லது என்றுதான் சொல்ல வேண்டும். மூட்டில் ஒரு சுருக்கம் இல்லை. கறுப்புக் கண்ணாடி மாதிரி இருந்தது. காற்றுப்பை ஒரே இழுப்பில் வெளியே வந்தது. பிரபாகர் போட்டோ எடுத்தார். அவளை நடுவில் நிற்கவைத்தார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். கை கழுவப் போய்விட்டேன்.

ஆகஸ்ட் 29, வியாழன்

எண்ணும்போது தவறு வருவதற்கு எத்தனையோ வழி இருக்கிறது. ஒரு பிலிமின் மேல் இன்னொன்று ஒட்டிக்கொண்டிருக்கலாம். அன்று வேலை ஒழுங்காகவும் நடக்கவில்லை. இரண்டு மணிக்கு அவள் காற்றுப்பையைத் தூக்கிப் பிடிக்க ஆள் வேண்டும் என்று கூப்பிட்டாள். அவள் மேசைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தவன், கையில் இருந்ததை அப்படியே கவிழ்த்துப் போட்டுவிட்டு ஓடிப்போய்ப் பிடித்தேன். பத்து நிமிடம் அதைத் தாங்கிக்கொண்டு நின்றேன். இப்படி இருந்தால் யாருக்குக் கவனம் இருக்கும்.

பதிவேட்டில் 287 என்று இருக்கிறது. கையெழுத்தும் இருக்கிறது. எண்ணிய பிலிம்கள் அன்றைக்கே குப்பைக்குப் போயாயிற்று.

ஆகஸ்ட் 31, சனி

ஐந்து ரூபாய் நாணயத்தால் பிரேமைத் தட்டிப் பார்த்தேன். அடுக்கு ஒட்டாமல் இருந்தால் சத்தம் பொத்தென்று கேட்கும். குழாய்களில் எல்லாம் கணீரென்றுதான் கேட்டது. மூட்டில் துணி தடிமன். அங்கே நாணயத்துக்கு ஒன்றும் தெரியாது.

வசந்தாமணி பார்த்துவிட்டு, என்னங்கண்ணா தினமும் தட்டறீங்க என்றாள். பழக்கம் என்றேன்.

செப்டம்பர் 2, திங்கள்

286.

இருபத்தேழாம் தேதி இரண்டு தடவை எண்ணினேன். இரண்டு தடவையும் 286. ஒன்று குறைந்தால் என்ன செய்ய வேண்டும் என்று விதி எழுதியவன் நான். அவள் எதிரில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றாள். நான் வாயைத் திறந்திருந்தால் போதும்.

அப்போது என்ன நினைத்தேன் என்றால், உடையட்டும் என்று நினைத்தேன். பிரேம் உடைந்தால் சட்டை வெட்டுகிறவளுடைய பெயர் அதோடு போகும், மேசை சன்னலுக்கு வரும். பிரேமின் மேல் ஒரு ஆள் உட்கார்ந்திருக்கும் என்பது எண்ணிக்கை எழுதும்போது என் நினைப்பில் இல்லை. இருந்தது. இல்லை என்று எழுதினால் அதுவும் பொய்க் கணக்கு.

செப்டம்பர் 5, வியாழன்

பெயின்ட் முடிந்துவிட்டது. சனிக்கிழமை பதினொரு மணிக்கு மிர்துளா வந்து எடுத்துக்கொள்வாள். ஞாயிற்றுக்கிழமை மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி ஏறி, அப்படியே திரும்பி இறங்கப்போகிறாளாம். இறக்கத்தில் எழுபது வேகம் வரும் என்று பிரபாகர் பெருமையாகச் சொன்னார். அந்தக் கொண்டைஊசி வளைவுகளில் எதிரே பஸ் வரும்.

மூட்டு பிரிந்தால் கீழே பாறை.

சொல்லிவிடலாம். “தம்பி, எண்ணிக்கை குறைந்தது, நான் பொய் எழுதினேன்.” ஒரு வரிதான். பிரபாகருடைய அறை வாசல் வரை இரண்டு தடவை போனேன். இரண்டாம் தடவை உள்ளே வசந்தாமணி உட்கார்ந்திருந்தாள். அவள் முன்னால் என்னால் முடியாது.

செப்டம்பர் 7, சனி

காலை எட்டரைக்கே போய் பிரேமை இறுக்கிப் பிடிக்கும் வைஸில் மாட்டி, கிரைண்டரால் பெடல் மூட்டில் அறுத்தேன். ஒரு வெட்டு போதும், யாரும் ஏற முடியாது. நான்கு வெட்டு வெட்டினேன். வெட்டுமுகத்தில் பிலிம் தெரிகிறதா என்று பார்த்தேன். கறுப்புத் தூசுதான் தெரிந்தது.

தேய்க்கிற ஆள்கள் ஓடிவந்து கிரைண்டர் பிளக்கைப் பிடுங்கினார்கள். ஒருவன் வயித்தெரிச்சல் என்றான். பின்னால் திரும்பிச் சொல்லவில்லை, என் முகத்தைப் பார்த்தே சொன்னான். பிரபாகர் வந்து துண்டுகளைப் பார்த்தார். பிறகு, “வேற ஆளா இருந்தா நடக்கிறதே வேற. வீட்டுக்குப் போங்கண்ணா. இனி வர வேண்டாம்” என்று சொல்லிவிட்டு, மிர்துளாவுக்குப் போன் செய்ய வெளியே போனார்.

நான் மூக்குத்துணியை மடித்துக்கொண்டிருந்தேன். வசந்தாமணி பக்கத்தில் வந்து நின்றாள். கத்துவாள் என்று நினைத்தேன். குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

“எத்தனைங்கண்ணா?”

“என்ன எத்தனை?”

“அன்னிக்கு ரெண்டு தடவை எண்ணினீங்க. சரியா இருந்திருந்தா நீங்க ரெண்டாந்தடவை எண்ணியிருக்க மாட்டீங்க.”

“எரநூத்தி எண்பத்தாறு.”

அவள் வைஸைப் பிடித்துக்கொண்டாள். “அப்பவே எனக்குச் சந்தேகமுங்க. கேட்டா பிரிக்கணும், தேதி தள்ளிப் போகும். என்னோடது ஒண்ணு முதல்ல வெளிய வந்துரட்டும்னு கேக்காம இருந்துட்டேன்.”

இதைக் கேட்டு எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். இல்லை. தப்பு செய்வதில்கூட என்னோடு பாதிக்குப் பாதி நிற்க வந்துவிட்டாளே என்றுதான் இருந்தது.

செப்டம்பர் 8, ஞாயிறு

மாலையில் போன் வந்தது. வசந்தாமணி. லீவு நாளிலும் பட்டறைக்குப் போயிருக்கிறாள். பிரேம் முழுவதையும் ரொட்டித் துண்டு மாதிரி அறுத்து, ஒவ்வொரு துண்டிலும் பிளேடைக் கொடுத்து அடுக்குகளைப் பிரிக்கப் பார்த்தாளாம். எங்கேயும் பிரியவில்லை. எங்கேயும் பிலிம் இல்லை.

“நல்ல பிரேமுங்கண்ணா. ஒண்ணும் ஆகியிருக்காது” என்றாள். பிறகு, “அப்போ அது எங்கதான் போச்சு?” என்று கேட்டாள்.

முதலாளியிடம் எண்ணிக்கையைப் பற்றிச் சொன்னாயா என்று கேட்டேன். அது நீங்கள் சொல்ல வேண்டியது என்றாள். தனக்குச் சந்தேகம் இருந்தும் கேட்காமல் விட்டதை மட்டும் சொல்லிவிட்டாளாம்.

செப்டம்பர் 9, திங்கள்

ஒன்பது வருடத்தில் காரணமில்லாமல் வீட்டில் இருக்கும் முதல் திங்கள். ரேஷனில் துவரம் பருப்பு வாங்கி வந்தேன். தெய்வானை வழக்கமான நேரத்துக்குத் தட்டில் சோற்றைப் போட்டாள்.

மத்தியானம் அந்தத் தவறுகளின் பட்டியலைக் கிழித்துப்போடலாம் என்று டைரியின் கடைசிப் பக்கங்களைத் திருப்பினேன். இருபத்தேழாம் தேதிக்குப் பிறகு அந்தப் பக்கம் போகவில்லை. இரண்டு தாள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. நகத்தால் பிரித்தேன்.

பால் நிறத்தில் கட்டைவிரல் அளவு முக்கோணம். ஓரத்தில் ரெசின் பிசுக்கு. மூட்டுக்கு வெட்டுகிற துண்டின் பிலிம். இருபத்தொன்றாம் தவறின் மேல் ஒட்டியிருந்தது: “2.00 மணி. உரித்த பிலிமை உடனே பலகையில் ஒட்டாமல் மேசையில் விடுகிறாள்.”

அதை எழுதிய கையோடுதான் பையைப் பிடிக்கக் கூப்பிட்டாள். திறந்திருந்த டைரியை அந்த மேசைமேலேயே கவிழ்த்துப் போட்டுவிட்டு ஓடினேன். திரும்பி வந்து எடுத்து மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு ஒன்றரை மணி நேரம் கழித்து, கக்கத்தில் அதை வைத்துக்கொண்டே, 286 என்று எண்ணியிருக்கிறேன்.

இன்னொன்றும் எழுத வேண்டும். ஆகஸ்ட் 6-ல் ‘யாரோ’ என்று எழுதியிருக்கிறேன். ஆறு வருடம் முன்பு பிலிமை உள்ளே விட்டது யாரோ இல்லை. அந்தப் பிரேமை ஒட்டியது நான்.

செப்டம்பர் 10, செவ்வாய்

பட்டறைக்குப் போனேன். வர வேண்டாம் என்று சொன்னார்கள், போனேன். பிரபாகர் எதிரில் பதிவேட்டைத் திறந்து, 43-ஆம் எண்ணுக்கு நேராக இருந்த 287-ஐ அடித்து 286 என்று எழுதி, பக்கத்தில் அந்தப் பிலிமை ஒட்டிக் கையெழுத்துப் போட்டேன். எப்படி நடந்தது என்பதை முழுக்கச் சொன்னேன். உடையட்டும் என்று நினைத்ததையும் சொன்னேன். அதைச் சொல்லும்போது அவர் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டார்.

மிர்துளாவிடமும் இதைச் சொல்ல வேண்டும் என்றார். சொல்கிறேன் என்றேன்.

மிர்துளாவுக்குப் போட்டி பதினைந்து நாளில். புதுப் பிரேம் ஒட்ட இரண்டு பேர் வேண்டும், ஆள் இல்லை. வசந்தாமணிதான் கேட்டிருக்கிறாள், நாச்சிமுத்தண்ணன் வரட்டும் என்று. நீங்கள் ஒட்டலாம், அந்த அம்மா பேட்டர்னில். இனிமேல் நீங்கள் எண்ணக் கூடாது, எண்ணுவது நான் என்றார் பிரபாகர். யோசிக்க நேரம் கேட்டேன். வெளியே வந்து ஒட்டும் அறையின் வாசலில் நின்று இதை எழுதுகிறேன்.

அந்த வெட்டு எனக்கு இன்னும் ஒப்புதல் இல்லை. மூன்றாம் அடுக்கில் அவள் கத்தரிக்கிற இடம் அரை விரல் தள்ளிப் போக வேண்டும். உள்ளே போனால் அதைத்தான் முதலில் சொல்வேன்.

கதவைத் திறந்து பார்க்கிறாள். துணி குளிர் விட்டுவிட்டது, வாங்க என்கிறாள். என் கையைப் பார்க்கிறாள்.

“நோட்டை மட்டும் வெளியே வெச்சுட்டு வாங்கண்ணா.”

சன்னல் திண்டில் அவளுடைய சாக்குக்கட்டி டப்பா இருக்கிறது. பக்கத்தில் இடம் இருக்கிறது.